மரத்தைப் பார்த்து வைத்த படங்கள்

இறைவன் துணை

என் வீட்டுக்காரருக்கு வணக்கத்தோடு எழுதுவது.

என் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பதிலில் எழுதுங்கள். போனில் கேட்டால் "ம்" என்கிறீர்கள். அது நன்றாக இருக்கிறேன் என்கிற "ம்"மா, முடியவில்லை என்கிற "ம்"மா என்று எனக்குப் பிடிபடுவதில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். இந்தப் பேச்சை நான் எடுத்தால் உங்கள் பக்கம் உடனே சிக்னல் போய்விடுகிறது. போன ஞாயிறும் போனது, அதற்கு முந்தின ஞாயிறும் போனது. கடிதம் அப்படியில்லை. பாதியில் மடித்து வைத்தாலும், மறுபடி பிரித்தால் விட்ட இடத்திலேயே நிற்கும்.

முதலில் வீட்டு விஷயம். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றியாயிற்று. மாடி வீட்டு டீச்சருக்கு முட்டி வலி கூடிவிட்டது. படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே இறங்குகிறார். செலவுக் கணக்கெல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் இதோடு அனுப்பவில்லை. அனுப்பினால் கூட்டல் சரியா என்று பார்த்துவிட்டுக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவீர்கள். சமையலில்தான் அளவு இன்னும் பிடிபடவில்லை. ஒருத்திக்கென்று அளந்துதான் போடுகிறேன். ஆனாலும் மிஞ்சிவிடுகிறது.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நம் வாசல் மரத்தை வெட்டப் போகிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் முதலிலிருந்து எழுதப் போகிறேன். நீங்கள் அதை நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டீர்கள். நான் எழுதினால்தான் வேறு வழியில்லாமல் படிப்பீர்கள்.

டெய்லர் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் அந்த மரம் எப்படி நின்றது என்று நினைவிருக்கிறதா? கேபிள் பதிக்க வந்தவர்கள் ஒரு பக்கத்து வேரை வெட்டினார்கள். மின்கம்பிக்காரர்கள் உச்சியைக் கழித்தார்கள். நடைபாதை போட வந்தவர்கள் கழுத்து வரைக்கும் சிமென்ட் பூசிவிட்டுப் போனார்கள். அது என்ன மரம் என்றுகூட இந்தத் தெருவில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. டெய்லர் அண்ணன் ஒரு பேர் சொல்வார், பஞ்சர் கடைக்காரர் "அந்த மரத்துக்கு இலை நீளமா இருக்கும்யா, துணிதான் வெட்டத் தெரியும் உனக்கு" என்று இன்னொரு பேர் சொல்வார். இரண்டு பேருக்கும் காட்டுவதற்கு மரத்தில் இலைதான் இருக்காது.

நம் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு நாள் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். இதற்கு உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்ப் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒரு மரம் வரைந்தாள். இலையென்றால் அப்படி ஒரு இலை, தாளில் இடமே இல்லாமல். அதைக் கொண்டுபோய் மரத்துக்கு எதிரே, மரத்தைப் பார்த்த மாதிரி, பஞ்சர் கடை ஸ்டூலில் சாய்த்து வைத்தாள். பஞ்சர் கடைக்காரர் சிரித்து, ஜனங்க பாக்கிற பக்கமா திருப்பி வை பாப்பா என்றார். அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஜனங்களுக்கு இல்ல மாமா, மரத்துக்கு. தான் எப்படி இருக்கணும்னு அதுக்கே மறந்து போச்சு. பாத்துக்கட்டும்."

அப்படித்தான் நம் தெருக் கண்காட்சி ஆரம்பித்தது. மாதத்தில் முதல் ஞாயிறு எல்லோரும் ஆளுக்கொரு படம் கொண்டுவந்து, மரத்தைச் சுற்றி வட்டமாக, மரத்தைப் பார்த்து வைக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் வட்டத்துக்குள் போய், மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுதான் பார்க்க வேண்டும். "மரம் எங்க நிக்குதோ அங்க நின்னு பாருங்க" என்பாள். பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வந்தவர் விஷயம் தெரியாமல் ரோட்டில் நின்று எல்லாப் படத்தின் முதுகையும் எடுத்துக்கொண்டு போனாரே! காலண்டர் அட்டையும் தகரமும் சட்டைத் துணிப் பெட்டியுமாக அதைப் பேப்பரில் போட்டார்கள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

அவள் போட்ட இன்னொரு சட்டம், வைத்ததைத் திரும்ப எடுக்கக்கூடாது. வெயிலும் மழையும் எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே இருக்க வேண்டும். டெய்லர் அண்ணன் துணித் துண்டு ஒட்டிச் செய்த ஒரு மரத்தை, அழகாக வந்துவிட்டதே என்று கடையில் மாட்ட எடுத்துப் போனார். "குடுத்துட்டுத் திருப்பி வாங்குறீங்களே, வெக்கமா இல்ல?" என்று இவள் கடை வாசலில் போய் நின்றாள். பாவம், அளவு கொடுக்க வந்தவர்கள் முன்னால் அவர் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்குத்தான் பஞ்சர் கடைக்காரர் அவளுக்கு மேஸ்திரி என்று பேர் வைத்தார். அவளும் அதற்கேற்ற மாதிரி எல்லோருடைய தாளிலும் பென்சிலால் புள்ளி வைத்து, இங்கே கிளை போடு, இங்கே கலர் அடி என்று வேலை வாங்கினாள்.

அப்புறம் நடந்ததை நான் எழுத வேண்டாம்.

அவள் போன பிறகு கண்காட்சி இல்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றுபோனது. இப்போது மரம் டெய்லர் கடைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சிமென்ட் விரிந்து, கடைச் சுவரிலும் விரிசல் விழுந்திருக்கிறது. நகராட்சியிலிருந்து மரம் பார்க்கிற அதிகாரி வந்தாள், சின்ன வயதுப் பெண். கம்பியால் மண்ணைக் குத்தி மோந்து பார்த்துவிட்டு, இதுக்கு யார் தண்ணி ஊத்துறது என்று கேட்டாள்.  டெய்லர் அண்ணன், காலையில் கடை திறந்ததும் தான் ஒரு குடம் ஊற்றுவதாகச் சொன்னார். பஞ்சர் கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். டியூப் முக்கிப் பார்க்கிற தொட்டித் தண்ணீரைச் சாயங்காலம் அவர் அதற்குத்தான் ஊற்றுகிறாராம். முட்டி வலி டீச்சர் மாடியிலிருந்தே குழாய் விட்டிருக்கிறார். நான் தினமும் பிரார்த்தனை முடித்ததும் போய் ஊற்றிவிட்டு வருவேன். மேஸ்திரி இல்லையே, இனி இதைப் பார்த்துக்கொள்ள நம்மை விட்டால் யார் என்று ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஊற்றியிருக்கிறோம். சுற்றிலும் சிமென்ட். ஊற்றின தண்ணீர் போக வழியில்லாமல் வேரெல்லாம் அழுகிவிட்டது.

அந்தப் பெண் நல்லவள். "நாலு பேரும் நல்லதுக்குத்தான் ஊத்தியிருக்கீங்க. ஆனா அது எப்ப மூச்சு விடும், சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். டெய்லர் அண்ணன் கடைக்குள்ளே போய் மிஷினை ஓட்ட ஆரம்பித்தார். மிஷினில் துணி இல்லை.

யாரைக் கோபித்துக்கொள்வது, சொல்லுங்கள். ஆண்டவன் முன்னால் உட்கார்ந்து இதைத்தான் கேட்டேன். இப்போதெல்லாம் நான் அவனிடம் எதுவும் கேட்பதில்லை, நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். இதை மட்டும் கேட்டேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு கடைசியாக ஒரு கண்காட்சி வைப்பது என்று தெருவில் முடிவு செய்திருக்கிறார்கள். மறுநாள் திங்கட்கிழமை வெட்ட வருகிறார்கள். எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள்.  டீச்சர்தான் கேட்டார், "பாப்பா ஆஸ்பத்திரியில வரைஞ்ச கடைசிப் படம் மரத்துக்குன்னுதானே வரைஞ்சா? அது இன்னும் மரத்துக்கிட்ட வரலியேம்மா."

நீங்களே அன்று ஆஸ்பத்திரி வாசலில் தெருக்காரர்களிடம் சொன்னீர்கள், மேஸ்திரி மரத்துக்குப் பெரிய படமாகப் போட்டிருக்கிறாள், நாளைக்குக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று. நான் அதைப் பார்க்கவில்லை. அவள் வரைந்தபோது நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். வந்தபோது நீங்கள் அதைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தீர்கள். பிறகு அதைப் பீரோவின் மேல் அறையில் வைத்துப் பூட்டினீர்கள். அந்த அறைச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டீர்கள். அது உங்கள் பெட்டியில் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அவள் மரத்துக்குக் கொடுத்தது மரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மரம் போய்விட்டால் அப்புறம் யாரிடம் கொடுப்பது? உங்களிடம்தான் அவள் கொடுத்தாள், அதனால் நீங்கள் வந்து உங்கள் கையால் வைப்பதுதான் முறை. கப்பல் பட்டறையில் லீவு கேட்டுப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாளும் எடுக்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். வர முடியாது என்றால் சாவியையாவது அனுப்புங்கள்.

வெல்டிங் வைக்கும்போது கண்ணாடி போட மறக்காதீர்கள். நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மனைவி.


இறைவன் துணை

என் வீட்டுக்காரருக்கு,

போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. தபால்காரர் வருகிற நேரம் வாசலில் நிற்கிறேன் என்று அவர் இப்போது நம் தெருவுக்குள் நுழையும்போதே இல்லையென்று தலையை ஆட்டிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. வேலையில் இருந்திருப்பீர்கள்.

தெருவில் எல்லோரும் படம் வரைகிறார்கள். பஞ்சர் கடைக்காரர் பழைய டியூபை இலை இலையாக வெட்டுகிறார். கறுப்பு இலை எந்த ஊரில் இருக்கிறது என்று டெய்லர் அண்ணன் கேட்டால், "உன் ஊசி நூலை வச்சுக்கிட்டு நீ போ. இது நிழல். நிழல் கறுப்பாத்தான் இருக்கும்" என்கிறார். சண்டை போட்டுக்கொண்டாலும் தெரு பேச ஆரம்பித்ததே என்று இருக்கிறது. இவ்வளவு நாளும் நான் கடந்து போனால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்காகத்தான், தெரியும். ஆனாலும் அது நம் வீட்டில் இருந்த சத்தத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

அதிகாரிப் பெண்ணிடம் ஒரு மாதம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டுப் பார்த்தோம். காற்று பலமாக அடித்தால் கடைக்கு மேலேயே விழும், உள்ளே ஆள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்றாள். அதற்கு மேல் என்ன பேச.

ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சர் கடைக்காரர் ஒரு கம்பியோடு வந்தார். "தங்கச்சி, பீரோப் பூட்டு ஒரு பெரிய விஷயமா? ரெண்டு நிமிஷம். மச்சான் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூட்டியவர் நீங்கள். உடைத்து எடுத்தால் அது உங்களிடமிருந்து பறித்ததாகும். ஏற்கெனவே உங்களிடமிருந்து பறித்தது போதும். அவர், வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று நம் ஜன்னல் கொக்கியைச் சரி செய்துவிட்டுப் போனார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுதக்கூடாது. கோபம் இருக்கிறது. அவள் போன வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள். ஆனால் கோபம் ஒரு பக்கம், காத்திருப்பது ஒரு பக்கம். இரண்டையும் நான் ஒன்றாகச் சேர்ப்பதில்லை.

நாள் நெருங்கிவிட்டது. இறைவன் உங்கள் மனதுக்கு ஒரு வழி காட்டட்டும்.

உங்கள் மனைவி.


இறைவன் துணை

என் வீட்டுக்காரருக்கு,

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் இதை எழுதுகிறேன். உடனே எழுதினால் கையெழுத்து உங்களுக்குப் புரியாது என்று பொறுத்திருந்தேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பகல் உங்கள் கவர் வந்தது. தபால்காரர் தெருமுனையிலிருந்தே கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு வந்தார். உள்ளே சாவி இருந்தது. அதைச் சுற்றியிருந்த தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன்.

வர மாட்டீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறுதியாயிற்று.  பிரார்த்தனை செய்துவிட்டுத் திறக்கலாம் என்று கண்ணை மூடினேன், வார்த்தை வரவில்லை. அப்படியே எழுந்து போய்த் திறந்தேன்.

படத்தைச் சாப்பாட்டு மேசை மேல் விரித்தேன். ஓரம் சுருண்டு சுருண்டு எழும்பியது. நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தேன்.

என்ன எதிர்பார்த்தேன் என்று சொல்கிறேன். அவள் முதலில் வரைந்தாளே, தாள் கொள்ளாமல் இலை, அப்படி ஒன்றை எதிர்பார்த்தேன். நீங்கள் பெரிய படம் என்று சொன்னதால் அதைவிடப் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது ஒரு அடிமரம், கிளைகள். கோடு எங்கெங்கோ நடுங்கி, சில இடத்தில் விட்டுப்போயிருந்தது. ஒரு இலைகூட இல்லை. ஒவ்வொரு கிளையிலும் பென்சிலால் வரிசையாகப் புள்ளி வைத்திருந்தாள்.

புள்ளியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கோ வேலை கொடுத்திருக்கிறாள். அன்று பக்கத்தில் இருந்தது நீங்கள் மட்டும்தான்.

அதனால்தான் போன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தீர்கள். படத்தைப் பிரிச்சுட்டேன் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் வைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. பின்னால் இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லாத இடத்துக்கு நடந்து போனீர்கள் போல. "கை வலிக்குதுப்பா, கிளையெல்லாம் போட்டுட்டேன், இலையை நீ போடு, புள்ளி வச்சிருக்கேன் பாருன்னு சொன்னா. எனக்கு வரையத் தெரியாதே, நாளைக்குப் போடறேன்னு சொன்னேன்" என்றீர்கள். அதையே மறுபடியும் சொன்னீர்கள், "நாளைக்குப் போடறேன்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு நீங்கள் அழுததை நான் கேட்டேன். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே.

இத்தனை நாளும் நீங்கள் அந்தப் படத்தை என்னிடமிருந்து ஒளித்து வைத்தீர்கள் என்று நினைத்தேன். உங்களிடமிருந்தேதான் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். இதை அன்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் அவள் பக்கத்தில் இல்லாமல் மருந்து வாங்கப் போன நேரத்தையே நினைத்துக்கொண்டு இருந்தவள்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படத்தைக் கொண்டுபோனேன். எல்லோரும் ஏற்கெனவே வட்டமாக வைத்துவிட்டு, வட்டத்தில் ஒரு இடம் விட்டிருந்தார்கள். டீச்சர் ஒரு படியைக்கூடத் திட்டாமல் இறங்கி வந்திருந்தார். படத்தைப் பிரித்துக் காட்டினேன்.  நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். நீங்கள் அழுததைச் சொல்லவில்லை, அது நம் வீட்டு விஷயம்.

டெய்லர் அண்ணன்தான் முதலில் பேசினார். "தங்கச்சி, ஆளுக்கொரு இலை போட்டுடுவோம். மேஸ்திரி புள்ளி வச்சது நமக்கெல்லாந்தான். தெருவே சேந்து போட்டா மரம் பாத்துட்டுப் போகட்டும்" என்றார். துணியில் கோடு போடுகிற பச்சைச் சாக்குக்கட்டியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கும் ஒரு நிமிடம் அது நல்லதாகத்தான் பட்டது. எத்தனை அழகாக இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் வேலையைப் பிரித்துக் கொடுத்தால் ஒருவர் வேலையை இன்னொருவர் தொடக்கூடாது. இலை அவருக்குச் சொன்னது என்றேன். டெய்லர் அண்ணனுக்கு முகம் வாடிப்போயிற்று. "அவர்தான் வரலியே" என்று மெதுவாகச் சொன்னார். 

அப்படியானால் வெறும் கிளையாகவே வைத்துவிடுங்கள் என்றார் டீச்சர். வைத்தால் திருப்பி எடுக்கக்கூடாதே. மறுநாள் மரமே இருக்காது, மழை வந்தால் படமும் இருக்காது. இலை போட வேண்டிய தாள் போய்விட்டால் நீங்கள் அவளுக்கு என்ன சொல்வீர்கள்?

அதனால் நான் வைக்கவில்லை. விட்டிருந்த இடத்தில் நானே நின்று, படத்தை மரத்தின் பக்கமாகத் திருப்பி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கையை விட்டால்தானே கொடுத்ததாகும். மனதுக்குள், இன்னும் முடியவில்லை, முடித்ததும் காட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மரத்தைப் பார்த்தேன். அதுவும் இலையில்லாமல்தான் நின்றது. அதனிடம் அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன்னை இப்படியே பார்த்து வரைந்திருக்கிறாள், பார்த்துக்கொள் என்றேன்.

ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். படத்துக்கு மேலே என் முகமும் தெரியும் அல்லவா, பாவம், அவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று சங்கடம். அவள் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள், வளர்ந்துவிட்டார்கள். ஒரு பெண் இலை எங்கே ஆன்ட்டி என்று கேட்டாள். அவளுடைய அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வரும் என்று சொன்னேன். கை மரத்துப்போய்த் தோள் வரைக்கும் வலித்தது. பஞ்சர் கடைக்காரர் ஸ்டூலைக் கொண்டுவந்து பின்னால் போட்டு, "உக்காந்தே பிடி தங்கச்சி, மேஸ்திரி ஒண்ணும் சொல்லாது" என்றார். வெயில் இறங்கும் வரை உட்கார்ந்து பிடித்திருந்தேன். அவருடைய டியூப் இலைதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. டெய்லர் அண்ணனே போய், நிழல் மாதிரிதான் இருக்கு, ஒத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை வந்தவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். படங்களை எடுங்கள் என்றார்கள், நாங்கள் யாரும் எடுக்கவில்லை. எங்களால் முடியாது என்று தெரிந்ததும் அவர்களே ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரமாகச் சாய்த்தார்கள். எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று ஒருவர் கேட்டார். இப்படியே, மரத்தைப் பார்த்து என்று டீச்சர் சொன்னார். அதனால் அது விழுவதை எல்லாப் படங்களும் பார்த்தன. மேலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். அடியை அறுத்தபோது நடுவில் கறுப்பாக, ஈரமாக இருந்தது. பஞ்சர் கடைக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைக்காமலே கடைக்குப் போனார்.

மறைத்திருந்த அடிமரமும் கிளைகளும் போனதால், மதியத்துக்கு மேல் டெய்லர் கடைக்குள் வெயில் நேராக வந்தது. துணி வெளுத்துவிடும் என்று திரை கட்டினார். நம் சமையலறை ஜன்னலில் நின்றால் எதிர்க் கட்டிடத்து ஜன்னலெல்லாம் தெரிகிறது. இத்தனை வருடத்தில் அங்கே ஆள் குடியிருப்பதே எனக்குத் தெரியாது. ஒரு அம்மா துணி உலர்த்தினாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். ஏன் என்று தெரியவில்லை, அதற்கு மட்டும் அழுதேன்.

படம் மறுபடி பீரோவுக்குள் போகவில்லை. மேசை மேல்தான் இருக்கிறது, மேலே ஒரு துணி போர்த்தியிருக்கிறேன். நான் சாப்பிடுவதைத் தரைக்கு மாற்றிக்கொண்டேன். அவளுடைய கலர்ப் பெட்டியில் பச்சை மட்டும் விரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, உங்கள் விரலுக்குப் பிடிக்க வராது. அதனால் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

வரையத் தெரியாது என்று சொல்லாதீர்கள். கப்பலை ஒட்டுகிற கைக்கு ஒரு இலை வராதா? கோணலாக வந்தால் என்ன, கிளையும் கோணல்தான். ஒரே நாளில் முடிக்கச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போட்டால்கூடப் போதும். நான் அவசரப்படுத்த மாட்டேன். மருந்து வாங்கப் போன கதையை நானும் சொல்கிறேன், நீங்களும் கேட்க வேண்டும்.

மரம்தான் போய்விட்டதே, இனி யார் பார்க்க வரைவது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் இரண்டு நாளாக ஆண்டவனிடம் கேட்டேன். அவன் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேட்டுவிட்டு எழுந்தபோது எனக்கே ஒன்று தோன்றியது.

நீங்கள் போட்டு முடித்ததும் என்னைப் பார்த்துப் பிடியுங்கள். நான் எதிரில் நிற்கிறேன். ரொம்ப நாளாக நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

வழியில் உங்களுக்கு ஒரு துன்பமும் வராமல் இறைவன் கூடவே வரட்டும்.

உங்கள் மனைவி.